அனிமா, அனிமஸ்: மயிலாப்பூர் மரபுகளின் வழி ஒரு மதிப்பீடு

அனிமா, அனிமஸ் இரண்டும் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் குஸ்தாவ் யுங் (1875–1961) முன்வைத்த ஆழ்படிமங்கள். ஆணின் ஆழ்மனதில் உறையும் பெண்ணுருவை அனிமா என்றும், பெண்ணின் ஆழ்மனதில் உறையும் ஆணுருவை அனிமஸ் என்றும் அவர் பெயரிட்டார். இவ்விரு லத்தீன் சொற்களும் உயிர், மூச்சு, மனம் என்னும் பொருள் வட்டத்தைச் சேர்ந்தவை. ஆழ்வார் பாடல்களின் நாயகி பாவம், அர்த்தநாரீஸ்வர வடிவம், நவீன நாவல்களின் பெண் பாத்திரங்கள் ஆகியவற்றை விளக்கத் தமிழ் விமர்சனத்தில் இக்கருத்துக்கள் எடுத்தாளப்படுகின்றன.

இந்தப் பொருத்தம் எந்த இடத்தில் துணை செய்கிறது, எந்த இடத்தில் உண்மையை மறைக்கிறது என்பது விவாதத்திற்குரியது. அதைச் சோதித்துப் பார்க்க மயிலாப்பூரும் அடையாறும் ஏற்ற இடங்கள். ஆண் பெண்ணாகப் பேசிய பாடல்கள், பெண்ணைச் சாம்பலிலிருந்து எழுப்பிய கதை, அந்தப் பாடல்களுக்கு உடல் கொடுத்த ஆடல் மகளிர் என மூன்றும் ஒரு சில கிலோமீட்டர் சுற்றளவில் இங்கே கிடைக்கின்றன.

கருத்தின் தோற்றம்

1913-இல் சிக்மண்ட் ஃப்ராய்டுடன் உறவு முறிந்த பிறகு யுங் தன் கனவுகளையும் விழிப்புநிலைக் காட்சிகளையும் தொடர்ந்து குறித்துவந்தார். தான் எழுதுவது அறிவியல்தானா என்று ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டபோது, அது கலை என்று ஒரு பெண்குரல் உள்ளிருந்து பதில் சொன்னதாகத் தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். அது தன்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் குரல் என்று அவர் அடையாளம் கண்டார். அக்குரலுடன் வாதிட்டார், அதைத் தொடர்ந்து பேசவிட்டார். அவருடைய அனிமா கருத்தின் அனுபவ விதை இந்த உரையாடல்.

1921-இல் வெளிவந்த ‘உளவியல் வகைமைகள்’ நூலில் அனிமா ஒரு கலைச்சொல்லாக வரையறுக்கப்பட்டது. மனிதன் உலகுக்குக் காட்டும் முகத்தை யுங் பெர்சோனா, அதாவது முகமூடி என்றார். முகமூடி வெளியுலகை நோக்கியது. அதற்கு ஈடாக உள்ளுலகை நோக்கி நிற்பது அனிமா. வெளியே உறுதியும் கண்டிப்பும் காட்டும் ஆணுக்குள் அவன் ஒதுக்கித் தள்ளிய மென்மையும் சஞ்சலமும் ஒரு பெண்ணுருவாகத் திரள்கின்றன என்பது இக்கருத்தின் சாரம். 1928-இல் எழுதிய நூலிலும், 1951-இல் வெளிவந்த ‘அயோன்’ நூலிலும் யுங் இதை விரித்தார்.

அனிமா முதலில் தாயின் சாயலில் உருவாகிறது. பிறகு ஆண் சந்திக்கும் பெண்கள்மீது அது ஏற்றிப் பார்க்கப்படுகிறது. எதிரில் நிற்பவளை அவன் காண்பதில்லை, தன் உள்ளுருவையே அவளிடம் காண்கிறான். கண்டதும் கொள்ளும் பெரும் காதலுக்கும், அது கலையும்போது வரும் கசப்புக்கும் யுங் தந்த விளக்கம் இது. ஏற்றிப் பார்த்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வதே முதிர்ச்சி என்றார். 1946-இல் எழுதிய ஒரு நூலில் அனிமாவின் வளர்ச்சியை ஏவாள், ஹெலன், மரியாள், சோஃபியா என நான்கு படிகளாகப் பிரித்தார். உடல் சார்ந்த ஈர்ப்பில் தொடங்கி மெய்ஞ்ஞானத்தில் முடியும் ஏணி அது.

அனிமஸ் குறித்து யுங் எழுதியவை ஒப்பீட்டளவில் குறைவு, தொனியிலும் வேறுபட்டவை. அனிமா பெரும்பாலும் ஒரே உருவமாக வருவது. அனிமஸோ பல ஆண்கள் கூடிய சபைபோல, தந்தையரும் நீதிபதிகளும் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் மன்றம்போலப் பெண்ணின் மனதில் இயங்குவது. ஆணுக்கு அனிமா கவிதையைத் தருகிறது, பெண்ணுக்கு அனிமஸ் வறட்டு அபிப்பிராயத்தைத் தருகிறது என்னும் சாய்வு அவர் எழுத்தில் வெளிப்படையானது. அவர் மனைவி எம்மா யுங் 1931-இல் ஆற்றிய உரையில் இதை ஓரளவு சீர்செய்தார். வலிமை, செயல், சொல், பொருள் என நான்கு நிலைகளை அனிமஸுக்கு அவர் வகுத்தார். பெண்ணின் அறிவாற்றலுக்குச் சமூகம் இடமளிக்காததையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

பூம்பாவை

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலக்கதையிலேயே உருமாறும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சிவன் உபதேசம் செய்கையில் மயிலின் ஆடலில் மனம் சென்ற உமை, மயிலாகப் பிறந்து புன்னை மரத்தடியில் லிங்கத்தை வழிபட்டாள் என்பது ஐதிகம். ஊரின் பெயரையும் இக்கதையோடு சேர்த்துச் சொல்வர். எனினும் அனிமா குறித்த விவாதத்திற்கு இதைவிடப் பொருத்தமானது பூம்பாவையின் கதை.

சேக்கிழாரின் பெரியபுராணம் இதை விரிவாகச் சொல்கிறது. மயிலாப்பூர் வணிகர் சிவநேசர் தன் மகள் பூம்பாவையைத் திருஞானசம்பந்தருக்கு மணம் செய்து கொடுப்பதென்று முடிவு செய்திருந்தார். மலர் கொய்யச் சென்ற மகள் பாம்பு தீண்டி இறந்தாள். எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டு, அக்குடத்தைக் கன்னிமாடத்தில் வைத்து, படுக்கையும் அணிகலனும் மாலையும் அளித்து மகளைப் பேணுவதுபோலவே தந்தை பேணினார். சம்பந்தர் மயிலைக்கு வந்தபோது குடம் அவர்முன் கொண்டுவரப்பட்டது. அவர் பதிகம் பாட, குடத்தினுள் உருவம் வளர்ந்து, குடம் உடைந்து, பருவப் பெண்ணாகப் பூம்பாவை வெளிவந்தாள். சிவநேசர் அவளை ஏற்றுக்கொள்ள வேண்டினார். தன்னால் உயிர் பெற்றவள் தனக்கு மகள் முறை ஆவாள் என்று சம்பந்தர் மறுத்தார். பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் இந்நிகழ்வு இன்றும் நடத்திக்காட்டப்படுகிறது. அன்று பிற்பகலில்தான் புகழ்பெற்ற அறுபத்துமூவர் ஊர்வலம்.

யுங்கின் நோக்கில் படிப்பவர் சம்பந்தரின் அனிமாவாகப் பூம்பாவையைக் காண முற்படுவது இயல்பு. பாடலின் ஆற்றலால் பிறந்த பெண், பாடியவனின் உள்ளுருவே என்று சொல்லிவிடலாம். ஆனால் சேக்கிழாரின் காப்பியம் இந்த எளிய சமன்பாட்டுக்கு இடம் தருவதில்லை. எழுந்து நின்ற பூம்பாவையின் அழகைப் பல பாடல்களில் வருணித்த பிறகு அவர் ஓர் ஒப்பீட்டை வைக்கிறார். தான் படைத்த திலோத்தமையின் அழகை அளவற்ற வயதுடைய பிரமன் நான்கு முகங்கள் கொண்டு பார்த்தான். அவளினும் சிறந்தவளிடத்தில் பதினாறு வயதுச் சம்பந்தர் கண்டது சிவனின் கருணை. அதை ஆயிரம் முகங்களால் கண்டார் என்கிறார்.

படைத்தவன் தன் படைப்பின்மீதே மோகம் கொள்ளும் ஆபத்து சேக்கிழாருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கிரேக்கக் கதையில் சிற்பி பிக்மாலியன் தான் வடித்த சிலைக்கு உயிர் வந்ததும் அதையே மணக்கிறான். மயிலைக் கதை அந்த இடத்தில் வேறு வழியில் திரும்புகிறது. ஏற்றிப் பார்த்ததைத் திரும்பப் பெறுதல் என்று யுங் சொன்னதற்கு மிக நெருக்கமான காட்சி இது.

கதையில் அனிமாவைச் சுமப்பவர் என ஒருவரைச் சொல்லவேண்டுமானால் அவர் சிவநேசர்தான். இறந்த பெண்ணின் சாம்பலுக்கு அணி பூட்டி, ஒரு பிம்பத்தை வளர்த்து, அதனோடு வாழ்ந்தவர் அவர். சம்பந்தர் செய்தது அப்பிம்பத்தின் குடத்தை உடைத்தது.

பாடிய பதிகத்தின் அமைப்பும் கவனத்திற்குரியது. இரண்டாம் திருமுறையின் 47-ஆம் பதிகமான அது பூம்பாவையைப் பாடியவரிடம் அழைக்கவில்லை, கணவனிடமும் அழைக்கவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலா போகிறாய் என்று கேட்கிறது. மயிலையின் தெருக்களும் கடற்கரையும் விழாவுக்குக் கூடும் பெண்களும் அதில் வருகிறார்கள். யுங்கின் அனிமா ஆணை உள்ளே அழைத்துச் செல்லும் வழிகாட்டி. இப்பதிகமோ பெண்ணை வெளியே, ஊருக்குள் அழைக்கிறது. இந்த வேறுபாடு சிறியதல்ல.

அதேசமயம் கதையின் போதாமையையும் சொல்லியாகவேண்டும். பூம்பாவை ஒரு சொல்லும் பேசுவதில்லை. சம்பந்தர் மறுத்த பிறகு வேறெவருக்கும் அவளைத் தரத் தந்தை உடன்படவில்லை. அவள் கன்னிமாடத்திலேயே இருந்து சிவனை அடைந்தாள் என்று புராணம் முடிக்கிறது. குடத்திலிருந்து விடுபட்டவள் மாடத்துக்குத் திரும்புகிறாள். அவளுக்கு அந்த விழாக்களைக் காணும் விருப்பம் இருந்ததா என்பது கதைக்குள் எழாத கேள்வி.

நாயகி பாவம்

மயிலாப்பூர் பேயாழ்வாரின் பிறப்பிடமாகவும் போற்றப்படுகிறது. அவர் இயற்றிய மூன்றாம் திருவந்தாதியில் ஒரு பாடல், திருமால்மீது மையல் கொண்ட மகளைப் பற்றித் தாய் பேசுவதாக உரையாசிரியர்களால் கொள்ளப்படுகிறது. இந்தச் சிறு ஊற்று நம்மாழ்வாரிடம் பெருக்கெடுக்கிறது. திருவாய்மொழியின் 100 பதிகங்களில் 27 மகள், தாய், தோழி ஆகிய பெண்களின் கூற்றாக அமைந்தவை. பெண்ணாகப் பேசும் நம்மாழ்வாரைப் பராங்குச நாயகி என்றும், திருமங்கையாழ்வாரைப் பரகால நாயகி என்றும் வைணவ மரபு பெயரிட்டு அழைக்கிறது. ஞானம் மேலோங்கும்போது ஆழ்வார் தன் குரலிலும், காதல் மேலோங்கும்போது பெண் குரலிலும் பேசுகிறார் என்பது ஆசார்ய ஹ்ருதயம் என்னும் நூல் தரும் விளக்கம்.

அறிவு ஆணுக்கு, உணர்வு பெண்ணுக்கு என்னும் இப்பிரிவு யுங்கின் பிரிவை அப்படியே ஒத்திருக்கிறது. இந்த ஒற்றுமையைக் கண்டதும் நாயகி பாவத்தை அனிமாவின் வெளிப்பாடு என்று முடிவு கட்டுவது எளிது. அதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, அனிமா நனவிலியைச் சேர்ந்தது. அது ஆணை அறியாமல் ஆட்கொள்வது. நாயகி பாவமோ கற்று, தேர்ந்து, கையாளப்படும் கவிமரபு. சங்க அகப்பாடல்களில் ஆண் புலவர்கள் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் பேசினர். ஔவையார் தலைவன் கூற்றாகவும் பாடியிருக்கிறார். யார் யாரிடம் எச்சூழலில் பேசலாம் என்பதற்குத் தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. ஆழ்வார்கள் இந்த இலக்கணத்தைப் பெற்றுக்கொண்டு தலைவனின் இடத்தில் திருமாலை வைத்தனர். ஆகவே ஒரு பாடலில் பெண்குரல் இருக்கிறது என்பதால் மட்டுமே அதைப் புலவரின் ஆழ்மனச் சான்றாகக் கொள்ள முடியாது.

இரண்டாவது, வைணவத்தில் பெண்மை ஆணின் ஒரு பாதியல்ல. பரம்பொருள் ஒருவனே புருடோத்தமன், எல்லா உயிர்களும் அவனுக்கு நாயகியர். இதன்படி பெண்ணின் உயிரும் பெண்மையே. அனிமஸுக்கு இங்கே இடமில்லை. ஆண்டாளின் காதலைப் பள்ளமடை என்று உரைமரபு சொல்வது இதனால்தான். ஆண் ஆழ்வார்களுக்கு மேட்டில் ஏற்றிப் பாய்ச்சும் நீராக இருந்த காதல், அவளுக்குத் தாழ்நிலத்தை நோக்கித் தானே பாயும் நீர்.

மூன்றாவது, நாயகி பாவம் கூட்டத்தில் நிகழ்வது. கோயில்களில் சேவிக்கப்படுவது, உரை சொல்லப்படுவது, தலைமுறைகளுக்குக் கைமாற்றப்படுவது. தனிமனிதன் தன்னைத் தேடும் பயணமாக யுங் கண்டதை இம்மரபு ஒரு சமூகத்தின் பேச்சுமுறையாக வைத்திருக்கிறது.

ஜேம்ஸ் ஹில்மன் 1985-இல் எழுதிய நூல் இங்கே உதவுகிறது. யுங்கின் வழிவந்தவரான அவர், அனிமா ஆணுக்கு மட்டும் உரியதென்பதை ஏற்கவில்லை. ஆன்மா என்னும் நிலையே அனிமா, அது இருபாலருக்கும் பொது என்று வாதிட்டார். யுங்கைவிட ஹில்மன் வைணவ உரையாசிரியர்களுக்கு அருகில் நிற்கிறார்.

பதத்தில் பேசும் பெண்

ஆண் எழுதிய பெண்குரலுக்கு உண்மையான பெண் உடல் கொடுக்கும்போது என்ன நிகழ்கிறது என்பது இந்த விவாதத்தின் மிக முக்கியமான பகுதி. 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த க்ஷேத்ரய்யாவின் தெலுங்குப் பதங்களிலும், கனம் கிருஷ்ணய்யர், வைத்தீஸ்வரன் கோயில் சுப்பராமய்யர் ஆகியோரின் தமிழ்ப் பதங்களிலும் பேசுபவள் பெரும்பாலும் நாயகி. எழுதியவர்கள் ஆண்கள். அவற்றைப் பாடியும் அபிநயித்தும் காத்தவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். வீணை தனம்மாளின் குடும்பம் இப்பதங்களின் கருவூலமாக இருந்தது.

மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலோடு பிணைந்த ஆடல் மகள். அபிநயத்தில் ஒப்பற்றவராகக் கருதப்பட்ட அவரிடம், பின்னாளில் எதிரெதிர்த் தரப்புகளாக நின்ற இருவர் கற்றனர். ஒருவர் தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி (1918–1984). மற்றவர் 1936-இல் அடையாறில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் (1904–1986). பிரம்மஞான சபையின் சூழலில் வளர்ந்த ருக்மிணி தேவி, சிருங்காரம் அப்பட்டமாக வெளிப்படும் பதங்களை ஒதுக்கினார். காதலை ஜீவாத்மா பரமாத்மாவை நாடும் பக்தியாக மேலேற்றினார். பாலசரஸ்வதி இதை ஏற்கவில்லை. 1975-இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றுகையில், சிருங்காரமே தலையாய சுவை என்றும், இக்கலையை வெளியிலிருந்து தூய்மைப்படுத்தத் தேவையில்லை என்றும் அவர் வாதிட்டார்.

இவ்விவாதத்தை அனிமாவின் நான்கு படிகளோடு வைத்துப் பார்க்கலாம். ருக்மிணி தேவி நாயகியை ஹெலன் நிலையிலிருந்து சோஃபியா நிலைக்கு உயர்த்தினார் என்று யுங்கின் வழிவந்த ஒருவர் சொல்லக்கூடும். பாலசரஸ்வதியின் நிலைப்பாடு அந்த ஏணியையே கேள்விக்குள்ளாக்குகிறது. உடல் கீழ்ப்படி, ஞானம் மேற்படி என்னும் வரிசை ஆணின் தேடலுக்கு வசதியானது. அந்த உடலாகவே மேடையில் நிற்பவளுக்கு அவ்வரிசை தன்னில் ஒரு பகுதியை அழுக்கு என்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. சிறுமியரைப் பொட்டுக்கட்டும் கொடுமையை நிறுத்த முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடியதன் பயன் அது. அதே காலத்தில் ஆடல் மகளிரின் கலை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, அவர்கள் மேடையிலிருந்து விலக நேர்ந்தது. உருவகமாகப் பெண் உயர்த்தப்பட்டபோது உயிருள்ள பெண்கள் பலர் இடமிழந்தார்கள்.

பதத்தின் அபிநயத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. ஒரே வரியை ஆடுபவர் பலமுறை எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தோன்ற விரிப்பார். கோபம், கேலி, சலிப்பு, மன்னிப்பு என ஆண் எழுதிய ஒற்றை வரியைப் பெண் தன் அனுபவத்தால் திறக்கிறாள். ஆணின் உள்ளுரு என்று தொடங்கிய ஒன்று அவள் கையில் திருத்தப்படுகிறது. இந்தத் திருத்தத்துக்கு யுங்கின் கோட்பாட்டில் பெயரில்லை.

மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. சதிர் ஆட்டம் அவமதிக்கப்பட்ட காலத்தில் அதன் மதிப்பை நிலைநாட்ட வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் (1897–1968) பெண் வேடமிட்டு ஆடினார். கூச்சிப்பூடியில் பாமா பாத்திரத்தை ஆண்களே ஏற்றனர். வெம்பட்டி சின்னசத்யம் 1963-இல் சென்னையில் தொடங்கிய கூச்சிப்பூடி கலைக்கூடத்தில் அவ்வேடங்கள் பெண்களுக்குச் சென்றன. தியாகராய நகர் வாணி மகால் முதல் மயிலாப்பூர் சபாக்கள் வரை, ஆண் பாடகர் நாயகியின் பதத்தைப் பாடுவதை மார்கழியில் யாரும் வியப்பாக எண்ணுவதில்லை. பெண் வேடமும் பெண் குரலும் ஆணுக்குத் தடையின்றித் திறந்திருந்த வாசல்கள். பெண்ணுக்கு எதிர்த்திசை வாசல் அவ்வளவு அகலமாக இருந்ததில்லை.

நாவல்கள்: யமுனாவும் கங்காவும்

1950-களில் சுதேசமித்திரனில் தொடராக வந்த தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ தமிழில் அனிமாவுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. தன்னைவிட வயதில் மூத்த யமுனாவைப் பாபு தெய்வமாகக் காண்கிறான். இசையும் அவளும் அவனுக்கு ஒரே தவிப்பின் இரு பெயர்கள். கும்பகோணத்தில் தொடங்கும் கதை சென்னையில் முதிர்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் இருவரும் இணைந்தபோது, இத்தனை காலம் ஏங்கியது இதற்காகத்தானா என்னும் பொருள்பட யமுனா கேட்கிறாள். நாவலின் உச்சம் அந்தக் கேள்வி. உள்ளுருவாக வைக்கப்பட்டவள் வாய் திறந்து, அந்த உள்ளுருவுக்கும் தனக்கும் உள்ள தூரத்தைச் சொல்லிவிடுகிறாள். பூம்பாவைக்குக் கிடைக்காத வாக்கியம் யமுனாவுக்குக் கிடைத்திருக்கிறது.

அனிமஸுக்கு ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பொருந்துகிறது. ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் மழைநாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டு உறவுக்கு ஆளான மகளைத் தாய் தலையில் நீர் ஊற்றி, நீ தூயவள் என்று தேற்றுகிறாள். நாவலில் தாய் அலறிவிடுகிறாள், ஊர் அறிந்துவிடுகிறது. கங்கா படித்து உயர்ந்த பதவியை அடைகிறாள். ஆனால் அவளைப் படிக்கவைத்த வெங்கு மாமாவின் தீர்ப்பு, அவள் இனி எவருக்கும் மனைவியாக முடியாது என்பது, அவளுக்குள் குடியேறிவிடுகிறது. அவரை வெறுத்தபடியே அவர் விதித்த பாதையில் அன்று தன்னைக் கெடுத்தவனைத் தேடிச் செல்கிறாள்.

பெண்ணின் மனதில் தீர்ப்பு வழங்கும் ஆண்களின் மன்றம் என்று யுங் எழுதியது இங்கே துல்லியமாக நடக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அம்மன்றம் கங்காவின் ஆழ்மனதில் பிறந்ததல்ல. அது தஞ்சாவூரில் வசிக்கும், பெயரும் முகவரியும் உள்ள ஒரு மனிதரின் குரல். பிறவியிலேயே அமைந்த ஆழ்படிமம் என்று யுங் கருதியதில் எவ்வளவு பகுதி குடும்பம் ஊட்டியது என்பதை நாவல் காட்டிவிடுகிறது.

அனிமஸ் இல்லாத மரபு

தமிழ் மரபில் பெண்ணின் உள்ளுறை ஆண்மைக்கு வலுவான படிமம் உண்டா என்று தேடினால் கிடைப்பது எதிர்பாராதது. காரைக்காலம்மையார் கணவனால் தெய்வமென்று விலக்கப்பட்டதும் அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். ஔவையைப் பற்றிய கதை, மணத்தைத் தவிர்க்க இளமையிலேயே முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்கிறது. இருவரும் ஆணாக மாறவில்லை, ஆண்குரலையும் நாடவில்லை. ஆண்பார்வைக்கு உட்படும் இளமையை மட்டும் கழற்றி வைத்தார்கள். அதன் பிறகே அவர்களால் தடையின்றிப் பாடவும், ஊர் ஊராகச் செல்லவும், அரசரிடம் பேசவும் முடிந்தது.

பெண் அறிவையும் செயலையும் அடைய அனிமஸ் என்னும் ஆணுருவின் துணை வேண்டும் என்ற யுங்கின் கருத்து இவ்விடத்தில் பொருந்தாமல் போகிறது. அறிவும் செயலும் ஆணுக்கு உரியவை என்று முதலில் ஏற்றுக்கொண்டால்தான், அவற்றை நாடும் பெண்ணுக்குள் ஓர் ஆண் இருப்பதாகச் சொல்லவேண்டிவரும்.

விமர்சனங்கள்

இக்கருத்துக்கள்மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு, ஒரு காலத்தின், ஒரு வர்க்கத்தின் பாலியல் வழக்கங்களை என்றென்றைக்குமான மனித இயல்பாக யுங் பொதுமைப்படுத்தினார் என்பது. இரண்டாவது, ஆண், பெண் என்னும் இருமைக்கு வெளியே நிற்பவர்களின் அகத்தை விளக்க இதில் இடமில்லை என்பது. மூன்றாவது, அவர் இந்தியாவை அணுகிய முறை. 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவை ஒட்டி யுங் இந்தியா வந்தார். தென்னகம்வரை பயணம் செய்தும் திருவண்ணாமலையில் ரமணரைச் சந்திக்கவில்லை. இந்தியாவைக் கனவுபோன்ற உலகம் என்று எழுதினார். அக்கனவுலகில் விழிப்போடு இயங்கிய கவிமரபும், உரைமரபும், ஆடல் மகளிரின் கலையறிவும் அவர் கணக்கில் வரவில்லை.

தமிழ்ச் சூழலில் இதற்கு இணையான ஆய்வை அம்பை என்னும் பெயரில் புனைவெழுதும் சி.எஸ். லட்சுமி செய்தார். 1984-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘முகமூடியின் பின்னுள்ள முகம்’ என்று பொருள்படும் அவருடைய நூல், தமிழிலக்கியம் படைத்த பெண் பிம்பங்களையும் அவற்றின் பின்னால் மறைந்த பெண்களையும் பிரித்துக் காட்ட முயன்றது.

மதிப்பீடு

அனிமா என்னும் கருத்தின் பயன் அதன் எச்சரிக்கையில் உள்ளது. எதிரில் இருக்கும் பெண்ணிடம் ஆண் காண்பது பெரும்பாலும் தன்னையே என்பதை அது சொல்லித்தருகிறது. சிவநேசரின் குடத்தையும் பாபுவின் மோகத்தையும் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் தமிழ் விமர்சனத்தில் அது பலசமயம் எச்சரிக்கையாக இல்லாமல் சமாதானமாகப் பயன்படுகிறது. ஒரு நாவலில் பெண் பாத்திரம் உயிரற்று இருந்தால், அவள் நாயகனின் அனிமா என்று சொல்லி அக்குறையை ஆழமாக மாற்றிவிடுகிறார்கள். ஏற்றிப் பார்ப்பதைத் திரும்பப் பெறச் சொன்ன கோட்பாடு, ஏற்றிப் பார்ப்பதற்கே நியாயமாகிவிடுகிறது.

ஆகவே ஒரு படைப்பில் அனிமாவைக் காண்பவர் அதோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பது நல்லது. அந்தப் பெண்குரல் ஆழ்மனதிலிருந்து வருகிறதா, நெடிய கவிமரபிலிருந்து வருகிறதா? அந்தப் பெண்ணுக்கு அப்படைப்பில் தன் வாயால் ஒரு சொல்லேனும் பேச இடம் இருக்கிறதா? பங்குனி எட்டாம் நாள் காலையில் மயிலைக் குளக்கரையில் குடம் திறந்து பூம்பாவை எழுகிறாள். சுற்றி நிற்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். அவளிடம் பதிகம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர்கள் அவர்கள்தான்.